வர்சித்தோவுக்குள் புகுந்த காற்று

மழைக்காலத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, முடிதிருத்தும் வர்சித்தோவின் உடம்பிலிருந்து காற்று வீசத் தொடங்கியது. முதலில் சட்டைக் காலர் மட்டும் படபடத்தது. பதினோரு மணிக்கு, வெட்டிப்போட்ட முடியெல்லாம் எழுந்து பள்ளிவாசல் பக்கம் கிளம்பியது. நாற்காலியில் இருந்த தபால்காரர் பாதித் தலையோடு வீட்டுக்குப் போனார். சிடோவார்ஜோ ஊரில் எங்கள் சந்துக்காரர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. தலைவலியோ, வயிற்றுவலியோ, மாமியாரோடு சண்டையோ, எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே காரணம்தான்: உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டது. மருந்தும் ஒன்றுதான். முதுகில் தைலம் தடவி, பழைய நாணயத்தின் விளிம்பால் சுரண்ட வேண்டும். கோடு சிவந்தால் காற்று இருந்தது உறுதி. யாருக்குச் சுரண்டினாலும் சிவக்கத்தான் செய்யும்.

ஆக, சுரண்டினோம். மனைவி துமினா சுரண்டினாள், கோழிக்கடைக்காரர் சுரண்டினார், தபால்காரர் கொஞ்சம் அழுத்தியே சுரண்டினார். வர்சித்தோவின் முதுகு ஆற்றுமீன் போல வரிவரியாகிவிட்டது. காற்று மட்டும் கூடிக்கொண்டே போனது. அவர் சோற்றைப் பாதியில் வைத்தார். விடியுமுன்பே விழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கத்திரிக்கோலை எடுக்கக்கூட மனமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் சாவு விழுந்ததா, மனைவியோடு தகராறா என்று விசாரித்தோம். எதுவும் நடக்கவில்லை. காரணம் இல்லாமல் ஒரு மனிதர் இப்படி வாடுவது எங்களுக்குப் பிடிபடவே இல்லை.

அடுத்த வீட்டு யாத்மிக்கு வேறொன்று பிடிபட்டது. இறால் அப்பளம் போடுகிறவள் அவள். மழையில் அப்பளம் காயவைக்கும் மூங்கில் தட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. நோன்புப் பெருநாளுக்கு நாற்பது நாள்தான் இருந்தது. ஒருநாள் வர்சித்தோவின் நாற்காலியைத் தூக்கித் தன் கொட்டகைக்கு நடுவில் போட்டு, அவரை உட்காரவைத்து, சுற்றிலும் தட்டுகளை அடுக்கினாள். மதியத்துக்குள் அத்தனையும் மொறுமொறுவென்று காய்ந்தன. மறுநாள் பக்கத்துச் சந்திலிருந்தும் தட்டுகள் வந்தன. நாங்கள் துணிகளைக் கொண்டுபோனோம். நானும் மூன்று சட்டைகள் காயப்போட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நடுவில் உட்கார்ந்திருந்தவர் நாளுக்கு நாள் மெலிந்ததை எல்லோரும் பார்த்தோம். அதோடு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டோம்.

ஆறாவது வாரம், சோறு கொண்டுவந்த துமினாவிடம் அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஒருநாள் இது என்னைத் தூக்கிட்டுப் போயிடும். போனா தேடாத. எனக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

துமினா தட்டைக் கீழே வைத்துவிட்டு, குழந்தை தூக்கும் துணியை எடுத்து, அவர் இடுப்பைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். சுகாதார நிலையத்தில் மனநல டாக்டர் வரும் நாள் எது என்று கொட்டகையில் இருந்தவர்களிடமே விசாரித்தாள். அன்றைக்குத்தான் என்றார்கள்.

"அடியே, அங்க போனா ஊரே பைத்தியம்னு சொல்லும்டி," என்றாள் யாத்மி. "சும்மா வாய்க்கு வந்ததப் பேசறாரு. பெருநாள் முடியட்டுமே."

"ஊரு சொல்லட்டும்க்கா. உன் அப்பளம் காயறதுக்கா நான் இவர கட்டிக்கிட்டேன்?"

போகும் வழியெல்லாம் காற்று பின்னாலிருந்து தள்ளியதால், ஒரு தடவைகூட மிதிக்கவில்லை என்று சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். டாக்டர் விதியாஸ்துத்தியின் அறையில் காகிதங்கள் கூரை வரை சுற்றின. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. எத்தனை வாரம், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வேலைக்குப் போக முடிகிறதா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு குரலை மாற்றாமல், "உயிர விட்டுடலாம்னு தோணுதா?" என்றார்.

வர்சித்தோ இடுப்புத் துணியின் முடிச்சைப் பிடித்துக்கொண்டார். "தோணுது," என்றார்.

ஆறு வாரத்தில் முதல்முறையாகக் காற்று நின்றது. ஒரு வாய் தேநீர் குடிக்கும் நேரம்தான். காகிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கி மேசைமேல் படுத்தன. துமினா அழுதாள்.

"எனக்குப் பைத்தியமா டாக்டர்?"

"இல்லண்ணே, நோய். வைத்தியம் இருக்கு."

"அப்போ முதுக சுரண்டுனது தப்பா?"

"சளி பிடிச்சா நானும்தான் சுரண்டிப்பேன். கால் உடைஞ்சா சுரண்டமாட்டேன்."

மாத்திரை எழுதிக்கொடுத்தார். வாரம் ஒருநாள் வந்து பேசச் சொன்னார். வர்சித்தோவைத் தனியே விடக்கூடாது என்றதும், யார் எப்போது உடன் இருப்பது என்று நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். செய்த காரியத்துக்கு அதுவாவது செய்தோம். காற்று ஒரே நாளில் போய்விடவில்லை. இரண்டு மாதத்தில் அந்தக் காற்றில் துணி காயவில்லை, நாலு மாதத்தில் மெழுகுவர்த்திகூட அணையவில்லை. நடுவில் ஒருமுறை, குணமாகிவிட்டது என்று அவரே மாத்திரையை நிறுத்த, பள்ளிவாசல் முற்றத்துப் பாய்கள் பறந்தன, மறுபடி தொடங்கினார். எட்டாவது மாதம் கத்திரிக்கோலை எடுத்தார். முதல் வேலையாகத் தபால்காரரின் தலையை ஒழுங்கு செய்தார். பிடரியில் படும் அளவுக்குக் கொஞ்சம் காற்று அவரிடம் தங்கிவிட்டது. வெயில் காலத்தில் அவர் கடையில் இப்போது இடம் கிடைப்பதில்லை.

யாத்மி மட்டும் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. அந்தப் பெருநாளுக்கு அவள் அப்பளம் பாதிதான் காய்ந்தது; துமினாவோடு பேச்சும் நின்றுபோனது. அடுத்த மழைக்காலம் முடிந்து நல்ல வெயில் அடித்தபோதும் அவள் தட்டுகள் காயவில்லை. பிறகுதான் கவனித்தோம், அவள் ரவிக்கைக் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்து எழுந்த இடமெல்லாம் ஈரம். காற்று புகுந்திருக்கிறது என்று சொல்லி, நாணயத்தோடு தெருவில் ஆள் தேடினாள். யாரும் கிடைக்காமல் கடைசியில் வர்சித்தோவின் வாசலில் வந்து நின்றாள்.

அவர் நாணயத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எத்தன நாளாக்கா?"

"மூணு வாரம் இருக்கும்."

"தூக்கம்?"

யாத்மியின் கையிலிருந்து சொட்டுவது வேகமானது.

நாற்காலியில் இருந்தவரைப் பாதித் தலையோடு இறக்கிவிட்டு, வர்சித்தோ கடையைச் சாத்தினார். "ரெண்டு வாரம் தாண்டுனா டாக்டர்கிட்ட போயிடணும்க்கா. என்னைய மாதிரி ஆறு வாரம் உக்காந்திருக்காத," என்றார். துமினா அந்தப் பழைய துணியை எடுத்துவந்து யாத்மியின் இடுப்பைத் தன் இடுப்போடு கட்டினாள். ரிக்‌ஷாக்காரர் இருக்கைக்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு மிதிக்கத் தொடங்கினார்.