சாவியைப் பிடுங்கியும் நிற்காத கார்

என் வீட்டுக்காரர் சுரேந்தருக்குக் கார் கிறுக்கு. தொண்ணூற்றெட்டில் குடகுக்காரர் ஒருவரிடமிருந்து பழைய டர்போ டீசல் கார் ஒன்றை வாங்கி வந்தார். ஏற்றத்தில் மிதித்து ஓட்டினால், எஞ்சினுக்குள் காற்றை ஊதித் திணிக்கிற டர்போ நெருப்பாய்க் கொதிக்கும், உடனே அணைத்தால் அதற்கு எண்ணெய் போகாமல் கெட்டுவிடும், இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள் என்று விற்றவர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இருக்கிற வேகமும் போதவில்லை. பன்னிமண்டபம் பகுதியில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் மல்லப்பனிடம் விட்டு, பம்பைத் திருகி டீசலைக் கூட்டினார். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டினார். "ஏனுங்கண்ணா, ஏதாச்சும் ஆயிருமா?" என்று கேட்டேன். "ஏனூ ஆகல்லா அக்கா" என்று சிரித்தார் மல்லப்பன். ஒன்றும் ஆகாதாம்!

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாமுண்டி மலைக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் எங்கள் மகள் தாரணி தூங்கிக்கொண்டிருந்தாள். ஏற்றத்தில் அவர் மிதித்ததும் வண்டி விசிலடித்தது பாருங்கள், என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பஸ்கள் முக்கி முனகி ஏறுகிற மலையில் நாங்கள் பறந்தோம். அம்மாடி! பயமா என்றால் இல்லை, இன்னும் கொஞ்சம் மிதிக்கமாட்டாரா என்றுதான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனிதருக்குத் தலைகால் புரியாது.

மேலே நடை சாத்தியிருந்தது. அப்படியே வண்டியைத் திருப்பினார். இறக்கம் தொடங்கியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, சும்மா உருட்டிக்கொண்டே வந்தார். எங்கள் ஹனூர்ப் பக்கத்து டிரைவர்கள் டீசலை மிச்சம் பிடிக்கச் செய்கிற வேலை அது. இவருக்கும் அதே பழக்கம், எத்தனை முறை சொல்லியும் விடவில்லை.

அடிவாரத்துக்கு வந்ததும் கியரைப் போட்டுக் கிளப்பினார். கிளம்பியது. ஆக்சிலரேட்டரிலிருந்து அவர் காலை எடுத்த பிறகும் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிரேக்கை அழுத்தி ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினார், நிற்கவில்லை. சாவியை உருவியே விட்டார். அப்போதும் அது கத்தியது! பின்னால் வெள்ளைப் புகை எழும்பிச் சாலையையே மறைத்தது.

"டர்போ போச்சு ராணி! எஞ்சின் ஆயிலக் குடிச்சிக்கிட்டு ஓடுது. புள்ளையத் தூக்கிட்டு எறங்கு!"

தாரணியை அள்ளிக்கொண்டு இறங்கினேன். அவர் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டுப் பார்த்தார். கூட்டி வைத்த பலத்தில் ஏற்கெனவே தேய்ந்துபோன கிளட்ச் வழுக்கி நாறியதுதான் மிச்சம். நியூட்ரலுக்குத் தள்ளி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். சரி, ஓடி வந்துவிடுவார் என்று பார்த்தால் பானெட்டைத் திறக்கிறார்!

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? நான் நின்ற மண் நடுங்கியது. டீசலும் சாவியும் இல்லாமல் தன் ரத்தத்தைத் தானே குடித்து ஓடுகிற ஒன்றை, கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. மறு நிமிஷம் பார்த்தால், அந்த மனிதர் காற்றுக் குழாயின் வாயைக் கையால் அடைக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"மாமா, வேண்டாங்க! வண்டி போனாப் போவுது, வாங்க!"

"காத்த அடைச்சா நின்னுரும். உடு!"

பிள்ளையைச் சாலையோரத்தில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். சட்டைக் காலரைப் பிடித்து, "வாடா இங்க!" என்று ஒரே இழுப்பு. பொத்தானெல்லாம் தெறித்தன. இருவரும் மண்ணில் விழுந்தோம்.

டமாரென்று ஒரு சத்தம். அதோடு எல்லாம் அடங்கியது.

புகை கலைந்த பிறகு போய்ப் பார்த்தோம். எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஓர் இரும்புத் துண்டு வெளியே பாய்ந்திருந்தது. அவர் குனிந்து நின்ற பக்கத்தில், காரின் தகடு நெஞ்சுயரத்தில் வெளிப்பக்கமாய்க் கிழிந்து கிடந்தது. அவர் அந்த ஓட்டையையே பார்த்தார். பிறகு, சாமியைக் கண்டவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"எத்தன பலம் பாத்தியா, ராணி!"

ஓங்கி ஒரு அறை விட்டேன். சாலையில் போன அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. அப்புறம் அவர் நெஞ்சில் காதை வைத்து அழுதேன். உள்ளே அது திடுதிடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடட்டும், நிற்கவே வேண்டாம் என்று அங்கேயே நின்றேன்.