ஓடும் வண்டிக்கு ஆயில் பில்டர்

பாண்டிதுரை தன் மோட்டார் சைக்கிளை விட்டுக் கடைசியாக இறங்கி மூன்று வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. அத்தனை நாளும் வண்டியும் நிற்கவில்லை. இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் திரும்பும், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் திரும்பும். போக வர ஒரு சுற்றுக்கு ஐம்பது நிமிஷம். மழையானாலும் வெயிலானாலும் முப்பது கிலோமீட்டர் வேகம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. 1951-இல் இங்கிலாந்தில் செய்த ஐநூறு சி.சி. வண்டி அது. பல கை மாறி அவரிடம் வந்து சேர்ந்தபோதே டேங்கில் இருந்த கம்பெனிப் பெயர் தேய்ந்து போயிருந்தது. ராணுவத்தில் இருபத்து நாலு வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய பாண்டிதுரை, வந்த நாளிலிருந்து ஒரு நாற்காலியில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டிருக்கும். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து சிமெண்டுத் தரையில் தடம் விழுந்துவிட்டது. ஓர் ஆனி மாதக் காலையில் மனைவி மாரிக்கனியிடம், "செத்த நேரத்துல வாரேன்" என்று சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார். திரும்பி வந்து வீட்டு வாசலில் பிரேக்கை மிதித்தபோது வண்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. பெட்ரோல் குழாயை அடைத்தார், பிளக் வயரைப் பிடுங்கினார், அப்போதும் ஓடியது. காலை ஊன்றப் பார்த்தார். தரை ஒரு சாண் கீழே இறங்கிக்கொண்டது.

முதல் வாரம் ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. இரண்டாம் மாதம் பஸ் டிரைவர்கள் அவருக்கு ஒதுங்கி வழி விடப் பழகிக்கொண்டார்கள். கார்த்திகை மாதத்தில், பென்ஷனுக்கு வருஷம் ஒருமுறை கொடுக்க வேண்டிய உயிர்ச் சான்றுக்காக வங்கி ஊழியர் ஒருவர் ஸ்கூட்டரின் பின் சீட்டில் உட்கார்ந்து கூடவே போய், கருவியை நீட்டி அவர் கைரேகையை வாங்கினார். பாண்டிதுரை வண்டியில் இருந்தபடியே சாப்பிட்டார், தூங்கினார். மற்றத் தேவைகளும் எப்படியோ நடந்தன. அதை யாரும் விசாரிக்கவில்லை. டேங்கில் பெட்ரோல் ஒரு சொட்டும் குறையாததால் அந்தக் கவலை இல்லை. ஆயில் மட்டும் குறைந்தது. மாரிக்கனி தன் மொபெட்டில் கூடவே ஓட்டிப்போய், வாரம் ஒருமுறை ஆயில் டேங்க் மூடியைத் திறந்து ஊற்றிவிட்டு வருவாள்.

அவள் நூல் மில்லில் பிட்டர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஸ்பேனரோடு உள்ளே போனவள், இருபது வருஷமாக மிஷின் சத்தத்திலேயே இருப்பவள். அதனால் காதில் ஒரு கணக்கு இருந்தது. வீடு மெயின் ரோட்டின் மேல், வண்டி திரும்பும் பஞ்சு மார்க்கெட் பக்கம். ஐம்பது நிமிஷத்துக்கு ஒருமுறை அந்த வண்டி வாசலைக் கடக்கும். உலை வைத்தாலும், துணி துவைத்தாலும், படுத்தாலும் அவள் உடம்பு அடுத்த ஐம்பதாவது நிமிஷத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். சத்தம் வரும், போகும், பிறகுதான் மூச்சு விடுவாள். அந்த மூச்சை முழுசாக விட்டு முடிப்பதற்குள் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுவாள். மூன்று வருஷம் ஓடிக்கொண்டிருந்தவர் அவர் மட்டுமில்லை.

ஆவணி பிறந்த வாரம் சத்தம் மாறியது. சீராக வந்த துடிப்புக்கு அடியில், யாரோ கதவை விரலால் தட்டுவது போல ஒரு தட்டல். மறுநாள் ஆயில் ஊற்றப் போனவள், ஆஸ்பத்திரிக் கட்டுத் துணியைக் குச்சியில் சுற்றி டேங்குக்குள் விட்டு எடுத்தாள். துணி கறுப்பாக வந்தது. வெயிலில் பிடித்தபோது கறுப்புக்குள் வெள்ளி வெள்ளியாய் மின்னியது. அதைப் பொட்டலமாக மடித்து லேத்துப் பட்டறை எபனேசரிடம் கொண்டுபோனாள். எபனேசருக்கு அறுபது வயது, பழைய வண்டிகளின் வியாதி தெரிந்தவர். துணியை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பழைய இங்கிலீஷ்காரன் வண்டிக்கு பில்டரே கெடையாதும்மா. டீ வடிகட்டி மாதிரி ஒரு சல்லடை, அம்புட்டுத்தான். கல்லைப் பிடிக்கும், பொடியை விட்டுரும். அந்தப் பொடி இப்ப பேரிங்கைத் தின்னுக்கிட்டு இருக்கு."

"எம்புட்டு நாள் தாங்கும்?"

"பத்து நாள். பொறவு இன்ஜின் ஜாம் ஆயிரும்."

பில்டர் ஒன்று மாட்டலாம் என்றார். ஆனால் ஓடுகிற இன்ஜினில் மாட்ட வேண்டும். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயைத் தொட்டால் அந்த நிமிஷமே இரும்பும் இரும்பும் கடித்துக்கொள்ளும். வேலை முடிந்த ஆயில் இன்ஜினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாய் ஒன்று இருக்கிறது. அதைத்தான் வெட்டி நடுவில் மாட்ட வேண்டும். வெட்டியதிலிருந்து ஆயில் ரோட்டில் கொட்டும். டேங்க் காலியாக நாலு நிமிஷம்.

செய்தி கேட்டு மம்சாபுரத்திலிருந்து பாண்டிதுரையின் அண்ணன் சிவனாண்டி வந்தார். வேலை வேண்டாம் என்றார். "ஏத்தா, ஜாம் ஆனா ஆகட்டும்னு விடேன். வண்டி நின்னா அவனும் நிப்பான்ல? வீடு வந்து சேரட்டும்." அந்த ஆசை மாரிக்கனிக்கும் இருந்தது. இரண்டு நாள் மில்லில் போல்ட்டை மாற்றி மாற்றி மாட்டினாள். பத்து நாள் பேசாமல் இருந்தால் போதும், எதுவும் செய்ய வேண்டாம், அவர் வந்துவிடுவார் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை, சாப்பாட்டுத் தூக்கை நீட்டும்போது கேட்டே விட்டாள்.

"ஏங்க, வண்டி நின்னா வீட்டுக்கு வந்துருவீகளா?"

பாண்டிதுரை தூக்கை வாங்கி ஹேண்டிலில் மாட்டினார். பிறகு, "கையை இங்க வை" என்றார். மொபெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் மற்றக் கையை அவர் நெஞ்சில் வைத்தாள். சட்டைக்கு அடியில், இன்ஜினில் கேட்ட அதே தட்டல், அதே இடைவெளியில், அதே கனத்தில் இருந்தது. இன்ஜின் ஒருமுறை தடுமாறியபோது உள்ளங்கைக்குக் கீழே நெஞ்சும் தடுமாறியது. "ரெண்டு நாளா இப்பிடித்தான். உன்ட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன்" என்றார். மாரிக்கனி மில்லுக்குப் போகாமல் நேராகப் பட்டறைக்குப் போனாள்.

எபனேசர் அலுமினியக் கட்டியை லேத்தில் கடைந்து பில்டர் உட்காரும் தலையைச் செய்தார். ஆயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று உளியால் அம்புக்குறி கொத்தினார். சின்னக் காருக்குப் போடும் பில்டர் அதில் சரியாகத் திருகியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வெள்ளைச் சட்டையோடேயே வந்து குட்டியானை லோடு வண்டியை எடுத்தார். வண்டியின் பக்கவாட்டில் பலகை நீட்டிக் கட்டியிருந்தது. சிவனாண்டிக்கு நெஞ்சுத் தட்டல் விஷயம் தெரிந்திருந்தது. அவர் சிவப்புத் துண்டை வீசி எதிர்வரும் வண்டிகளை ஒதுக்கிக்கொண்டு தன் பைக்கில் முன்னால் போனார். மாரிக்கனி பலகையில் குப்புறப் படுத்தாள். முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது.

முதல் சுற்றில், சீட்டுக்கு அடியில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் அந்த அலுமினியத் தலையை வண்டிச் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்டாள். பில்டரில் ஆயிலை நிரப்பித் திருகினாள். இரண்டாவது சுற்றில், மம்சாபுரத்துக்கு ரோடு பிரியும் விலக்கு தாண்டியதும், திரும்பும் குழாயை வெட்டினாள். ஆயில் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. உள்ளே போகும் ரப்பர் குழாயைச் செருகிக் கிளிப்பை முடுக்கினாள். வெளியே வரும் குழாயையும் செருகி முடுக்கினாள். பாண்டிதுரை ஆயில் டேங்க் மூடியைத் திறந்து, ஆயில் திரும்பி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"வரல, மாரி."

"செத்த பொறுங்க."

"இன்னும் வரல." தட்டல் உரத்தது. அவர் முகம் வெளுத்து ஹேண்டில் ஆடியது. அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது: தூசி போகாமல் இருக்க, வெளிக் குழாயின் வாயில் கட்டுத் துணியைத் திணித்து வைத்தது அவள்தான். கிளிப்பைக் கழற்றும்போது எபனேசர் கத்தினார். முன்னால் பாலம், ரோடு குறுகுகிறது, பலகையோடு போக முடியாது, லோடு வண்டி பின்தங்கியாக வேண்டும். இந்த மூன்று வருஷத்தில் அவள் ஒரு நாளும் அவர் வண்டியின் பின் சீட்டில் ஏறியதில்லை. ஏறினால் தானும் இறங்க முடியாமல் போய்விடும் என்ற பயம். குழாயை விடாமல் பிடித்தபடியே பலகையிலிருந்து தாவி ஏறினாள். ஒரு காலால் சட்டத்தைப் பின்னிக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, துணியைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினாள். சூடான ஆயில் முகத்தில் அடித்தது. குழாயைச் செருகிக் கிளிப்பைத் திருகியபோது பாலம் முடிந்திருந்தது.

"வருது," என்றார் பாண்டிதுரை. "ஏட்டி, வந்துருச்சு, கொட்டுது." அவர் அழுதுகொண்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் தட்டல் மெலிந்து நின்றது. மாரிக்கனி பின்னாலிருந்து அவர் நெஞ்சைப் பிடித்தபடி, முகத்து ஆயிலை அவர் முதுகில் துடைத்துக்கொண்டு, ஒரு சுற்று முழுவதும் வந்தாள். வீட்டு வாசலில் பயந்து பயந்து காலை நீட்டினாள். அவளுக்குத் தரை இருந்த இடத்திலேயே இருந்தது. பத்தடி ஓடி நின்றாள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பில்டரை மாற்றுகிறாள். நாலு நிமிஷ வேலை இப்போது ஒன்றரை நிமிஷத்தில் முடிகிறது. மற்ற நாட்களில் மில் விட்டதும் வாசலில் நின்று ஏறிக்கொள்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்புவதற்குள் அன்றையப் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் ஆகிவிடும். போன மாதம் வெளியூரிலிருந்து பஞ்சு வாங்க வந்த ஒருவர், டீக்கடையில் நின்று அந்த வண்டி மூன்றாவது முறை கடப்பதைப் பார்த்துவிட்டு, அது ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று கேட்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்த வேலுசாமி ரோட்டைப் பார்க்காமலே சொன்னார்:

"ஆயில் பில்டரே ஓட ஓடத்தான் மாத்துதாக. பொறவு எதுக்கு நிக்கணும்?"

வந்தவர் அதுவும் சரிதான் என்று தலையாட்டிவிட்டு, சர்க்கரை கொஞ்சம் குறைவாகப் போடச் சொன்னார்.