அக்கா குயில் கூவாத ஆனி

விளக்கணைத்ததும் ஜன்னல் வெளுக்கும். பகலெல்லாம் வெயிலுக்குப் பயந்து சாத்திவைத்து, ராத்திரியில் திறக்கும் ஜன்னல். முதலில் காற்று வரும். பிறகு குரல்கள் வரும்.

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த புதிதில் கோமதிக்கு அந்தக் குரல்கள் என்றால் நடுக்கம். கோவில்பட்டியில் கடைத்தெரு மாடியில் வளர்ந்தவள். லாரிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவளுக்கு வயலோரத்து இருட்டு ஒத்துக்கொள்ளவில்லை.

புருஷன் பிரமநாயகம் சிரிக்கவில்லை. ஒவ்வொரு குரலுக்கும் பேர் சொன்னார். கத்திக்கொண்டே பறப்பது ஆள்காட்டிக் குருவி. கட்டையில் தட்டுவதுபோல் விடாமல் டொக் டொக்கென்பது பக்கி என்கிற ராப்பறவை. தொண்டை கிழிய ஏறிக்கொண்டே போவது அக்கா குயில், அது கூவினால் சாரல் பக்கத்தில். பேர் தெரிந்ததும் பயம் போனது. போய், போட்டி வந்தது.

யார் முதலில் பேர் சொல்வது என்று போட்டி. தோற்றவர் எழுந்துபோய்த் தண்ணீர்ச் செம்பு எடுத்துவர வேண்டும். எத்தனை ஆனி, எத்தனை ஐப்பசி! பிள்ளைகள் நடுவில் படுத்திருந்த காலத்தில் கிசுகிசுப்பாக. அவர்கள் வேலைக்கென்று போன பிறகு சத்தமாக. அந்த ராத்திரிகளை நினைத்தால் அவளுக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

கொஞ்ச காலமாக அவர் முந்திக்கொள்வதில்லை. "யாருங்க அது?" என்று அவள் கேட்ட பிறகுதான் சொல்வார். அதையும் உரக்கக் கேட்க வேண்டும். ஆனாலும் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவார். வயசாகுதில்லையா என்று அவளும் விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் ஆனி பிறந்தும் சாரல் இல்லை. மலை சும்மா நின்றது. அக்கா குயில் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நேர் மேலே ஓர் ஆள்காட்டி கத்திக்கொண்டு போனது. யாரென்று கோமதி உரக்கக் கேட்டாள்.

"அக்கா குயில்," என்றார் பிரமநாயகம். "ஆனி மாசம்லா."

அவளுக்குப் புரிந்துபோனது. மனுஷன் காதால் சொல்லவில்லை. மாசத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார். பங்குனியென்றால் குயில், ஆனியென்றால் அக்கா குயில். எத்தனை நாளாகவோ. மழை ஏமாற்றியதால் அகப்பட்டுக்கொண்டார்.

கேலி செய்யத்தான் வாயெடுத்தாள். அழுகை வந்தது. அடக்கவில்லை, வாய்விட்டே அழுதாள். பக்கத்தில் படுத்திருந்தவர் திரும்பவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கட்டில் குலுங்கியதும் அவர் கை தேடிவந்து அவள் தோளைத் தொட்டது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"எனக்குக் கேக்கல, கோமதி," என்றார். "சொன்னா, யாருன்னு என்கிட்ட கேக்கிறத நீ நிறுத்திருவியோன்னு இருந்துச்சு."

வெளியே வரப்புப் பக்கம் ஏதோ குரல் கொடுத்தது. கோமதி கண்ணைத் துடைத்தாள். அவர் உள்ளங்கையை இழுத்து விரித்தாள். வெளியே கேட்பதைக் கேட்டபடியே ஒற்றை விரலால் அதில் தட்டினாள். ஒரே சீராக, விடாமல். நடுவில் குரல் நின்றபோது அவளும் நின்றாள். மறுபடி தொடங்கியபோது தட்டினாள்.

அவர் மூச்சுவிடாமல் படுத்திருந்தார்.

"பக்கி," என்றார்.

யாரென்று அவள் இன்னும் கேட்டிருக்கவே இல்லை.