மரத்தடிக் கறுப்பு

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய மரக்கட்டை. அதில் செதுக்கிய படத்தைக் கணவர் தாளில் ஒற்றியெடுத்து, மை காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்திருந்தார். டீ வைக்க வந்தவள் சும்மா எட்டிப் பார்த்தாள். ஆடுகள், ஓடை, ஓடைமேல் சின்னப் பாலம். யார் பார்த்தாலும் மனசு குளிரும். அவள் மட்டும் டம்ளரை வைக்காமல் இன்னும் குனிந்தாள்.

பாலத்தை நோக்கி ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். இடுப்பில் மூட்டை, கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி.

நாளைக் காலை மகளோடு அவள் கிளம்புவதாக இருந்தது. பரணில் மூட்டை தயார். பாலத்தருகே அண்ணன் வண்டியோடு நிற்பதாகச் சொல்லியிருந்தார். அவரைத் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது. கணவர் கத்துகிற ரகமில்லை, கைதான் நீளும். போன மாதம் அது மகள்மேலும் நீண்டது. அன்றைக்கே அவளுக்கு மனசு விட்டுப்போனது.

பாலம் இல்லாத ஊர் உண்டா என்று தன்னையே தேற்றிக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தாள். எடுக்காமலே இருந்திருக்கலாம். ஆடுகள் மேய்ச்சலை விட்டுத் தலைதூக்கி ஒரே பக்கம் பார்த்தன. பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு மரம். அதன் அடியில் புல்லில்லை, இலையில்லை, வெறும் கறுப்பு.

“பிடிச்சிருக்கா?” கணவர் பின்னால் நின்றிருந்தார்.

“நல்லாருக்குங்க. மரத்தடி மட்டும் ஏன் இப்படி இருட்டா இருக்கு?”

“இன்னும் வெட்டல. வெட்டாத இடம் கறுப்பாத்தான் விழும். அங்க ஒரு ஆள் நிக்கணும்.”

“யாரு?”

அவர் உட்கார்ந்து உளியின் முனையைத் துணியால் துடைத்தார். அவசரமே இல்லை. இந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் தெருவே அவரைத் தங்கமான மனுஷன் என்கிறது. தெருவுக்கு என்ன தெரியும்!

“மச்சானைத்தான் நிறுத்தலாம்னு இருந்தேன். முந்தாநாள் வந்திருந்தாரு. நீ பாப்பாவை ஸ்கூல்ல விடப் போயிருந்தே. பாவம், அழுதுட்டாரு. குடும்பம்னா அப்படி இப்படி இருக்கும், நீங்களே பேசி முடிச்சுக்குங்க மாப்பிள்ளைன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.”

அவள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். கூடப் பிறந்தவன். அவனை நம்பித்தானே இவ்வளவும்.

கணவர் டீயைக் குடித்து முடித்தார். எழுந்து வாசலில் செருப்பைத் தேடினார்.

“இன்னைக்கு நீ அலைய வேண்டாம்,” என்றார். “பாப்பாவை நானே கூட்டிட்டு வர்றேன்.”