தேக்குமரத்தடி ஆடு

தாராவியில் ஒரு தையல் கம்பெனியில் ஜாக்குலின் சூப்பர்வைசர். அத்தனை மெஷினும் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே அவள் குரல் கேட்கும். கோபம் வந்துவிட்டால் எதிரே நிற்பது முதலாளியா, தொழிலாளியா என்று பார்க்க மாட்டாள். அவள் புருஷன் சேசுராஜ் நேர் எதிர். டிராம்பேயில் கிரேன் ஓட்டுகிறான். யார் என்ன சொன்னாலும் "சரி சார்" என்று தலையை ஆட்டிவிட்டு வீடு வந்து சேருகிற ஆள்.

கல்யாணம் ஆனதிலிருந்து இருவரும் சேர்ந்து வெளியூர் போனதென்றால் கல்யாண வீடு, இல்லையென்றால் சாவு வீடு. இந்த ஜனவரியில் சேசுராஜ் திடீரென்று சொன்னான். "ரெண்டு நாள் லீவு போடு பிள்ள. முர்பாட் தாண்டி காட்டோரமா ஒரு ஓட்டல் இருக்காம். இந்தக் குளிருக்கு அம்சமா இருக்குமாம். கேஷவ் சாரும் சம்சாரத்தோட வாராரு."

கேஷவ் அவனுடைய மேலதிகாரி. பெயரைக் கேட்டதுமே ஜாக்குலினுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் புருஷன் தானாக ஓரிடத்துக்குக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. சரியென்று கிளம்பினாள்.

போய் இறங்கியதும் அவளுக்கு இடம் பிடித்துவிட்டது. ஓட்டு வீடு மாதிரி தனித்தனி அறைகள். அறைக்குள் கணப்பு, கட்டிலில் கனத்த ரஜாய்ப் போர்வை. ஜன்னலைத் திறந்தால் தேக்கங்காடு. காய்ந்த இலைகள் ஒவ்வொன்றாகத் தட்டு விழுகிற சத்தத்தோடு உதிர்ந்துகொண்டிருந்தன. இஞ்சி டீயைக் கையில் வைத்துக்கொண்டு, பேசாமல், எந்த மெஷினும் ஓடாத ஒரு காலைப்பொழுதை அவள் முழுசாக உட்கார்ந்து அனுபவித்தாள்.

"சாயந்திரம் ஒரு விசேஷம் இருக்கு. ஸ்வெட்டரப் போட்டுக்க. என்னன்னு இப்பம் சொல்ல மாட்டேன்" என்றான் சேசுராஜ், சின்னப் பிள்ளை போல.

மத்தியானம் அறையைப் பெருக்க ஹிராபாய் என்ற பெண் வந்தாள். பக்கத்துப் பாடாவில், பத்துப் பதினைந்து குடிசையுள்ள ஆதிவாசிக் குடியிருப்பில் இருப்பவள். பேச்சோடு பேச்சாக, "இருட்டுமுன்னே வேலையை முடிச்சிட்டு ஓடணும் தாயி. சிறுத்தை வருது" என்றாள்.

"காடுன்னா வராதா?" என்று ஜாக்குலின் இந்தியில் கேட்டாள்.

"முன்னெல்லாம் இவ்வளவு கீழே வராது. இப்போ இங்கே தீனி கிடைக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு தினமும் இறங்குது. போன வாரம் எங்க பாடாவில் கன்னுக்குட்டியைத் தூக்கிட்டுப் போச்சு. பொழுது சாஞ்சா பொம்பளைங்க ஒதுங்கக்கூட வெளியே போறதில்லை."

"யாரு தீனி போடுறது?"

ஹிராபாய் வாசல் பக்கம் பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயந்திரம் கேஷவும் அவர் மனைவியும் முன்னே நடக்க, எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. சினிமாக் கொட்டகை மாதிரி நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, விளக்கை அணைத்திருந்தார்கள். மடியில் போர்த்திக்கொள்ளக் கம்பளி, கையில் சூடான சூப். வெளியே தேக்குமரத்தடியில் மட்டும் ஒரு விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் முளையடித்து ஓர் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். அது காட்டைப் பார்த்து நின்று கத்திக்கொண்டிருந்தது.

ஜாக்குலினுக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஹிராபாய் சொன்ன தீனி எதுவென்று புரிந்தது.

"இதுதான் ஒங்க விசேஷமா?"

"மெல்லப் பேசு. சிறுத்தை வருமாம், பக்கத்துல பாக்கலாமாம். சார்தான் சொன்னாரு."

"ஆடு கட்டுவாவன்னு தெரியுமா, தெரியாதா?"

சேசுராஜ் சூப்புக் கிண்ணத்தைப் பார்த்தான். "தெரியும். ஏட்டி, சார் முன்னால ஒண்ணும் பண்ணிராத."

முன்வரிசையில் கேஷவ் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "கத்தட்டும், கத்தட்டும். கத்தினாத்தான் சீக்கிரம் வரும்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் அவளை எழுப்பியது. கம்பளி கீழே விழ, சமையலறை வழியாகப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். குளிர் முகத்தில் அறைந்தது. காடு கறுப்பாக நின்றது. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "நாசமாப் போவானுவளா! ஒங்க பிள்ளையள இப்படிக் கட்டிப்போட்டுப் பாருங்கலே!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே நடந்தாள். அந்தச் சத்தத்துக்கு எந்தச் சிறுத்தையும் கிட்டே வந்திருக்காது. கயிறு இறுகியிருந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வர முடிச்சை அவிழ்த்து, ஆட்டை இழுத்துக்கொண்டு நேரே கூடத்துக்குள் வந்தாள். ஆடு கம்பளத்தின் மேல் மூத்திரம் பெய்தது.

விளக்கைப் போட்டார்கள். மேனேஜர் ஓடிவந்தான். ஆளாளுக்குக் கூச்சல். கேஷவ் எழுந்து நின்று, "நீங்க மட்டன் சாப்பிடுறதே இல்லையா மேடம்?" என்று கேட்டார்.

"சாப்பிடுவேன். ஞாயித்துக்கிழமையானா கடையில நின்னு வாங்குவேன். அது உசிருக்குப் பயந்து கத்துறதைச் சேர் போட்டு உட்கார்ந்து பார்த்ததில்லை. நீங்க வேடிக்கை பார்க்கிறதுக்காக அந்தப் பாடாவுல பொம்பளைங்க அடைஞ்சு கிடக்காங்க. நாளைக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிட்டுப் போச்சுன்னா, அதையும் படம் எடுப்பீங்களா?"

அப்போதுதான் சேசுராஜ் வாயைத் திறந்தான். "சாரி சார். அவளுக்கு முன்கோபம் சார்."

கேஷவ் கேட்டது சுடவில்லை. இது சுட்டது. ஜாக்குலின் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அங்கேயே நின்று வனத்துறைக்குப் போன் போட்டுச் சொன்னாள். பிறகு ஆட்டைத் தன் அறை வராந்தாவில் கட்டிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சேசுராஜ் வராந்தாவிலேயே ஆட்டோடு கிடந்தான்.

காலையில் வனக்காவலர் ஒருவர் பைக்கில் வந்தார். மரத்தடியில் முளையும் இல்லை, விளக்கும் இல்லை. "மேய வந்த ஆடு சார். இந்தம்மா ஏதோ தப்பா நெனச்சிட்டாங்க" என்றான் மேனேஜர். கேஷவ், "நான் எதையும் பார்க்கலை" என்றார். வனக்காவலர் நோட்டை மூடப் போனார்.

கேஷவ் நேற்று எடுத்த கையோடு, ஆடு கட்டியிருந்த படத்தைப் பெருமையாகக் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். அது சேசுராஜ் போனிலும் இருந்தது. ஜாக்குலினுக்கு அது தெரியாது, தெரிந்திருந்தால் பிடுங்கியிருப்பாள். சேசுராஜ் போனைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நின்றான். கேஷவ் அவனையே பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

சேசுராஜ் போய் வனக்காவலரிடம் போனை நீட்டினான். "இத எங்க சார்தான் எடுத்தாரு" என்றான்.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். மேனேஜர் மேல் வழக்கு எழுதி, கூடத்தைப் பூட்டி, ஆட்டையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கிளம்பும்போது ஹிராபாய் குப்பைக்கூடையோடு எதிரே வந்தாள். கும்பிடுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று ஜாக்குலின் எதிர்பார்த்தாளோ என்னவோ. ஹிராபாய் நின்று, "நீங்க போயிருவீங்க தாயி. ஓட்டலை மூடினா எனக்கு வேலை ஏது? அந்தச் சிறுத்தையும் நாளைக்கே வராம இருக்கப் போகுதா?" என்றாள். அவளும் கோபமாகத்தான் இருந்தாள். ஜாக்குலின் வனத்துறை அதிகாரியின் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தாள். ஹிராபாய் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

கல்யாண் வரை பஸ்ஸில் வந்தார்கள். ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது சேசுராஜ் கேட்டான்.

"இன்னும் கோவமா இருக்கியா?"

"ஆமா."

"எம்மேலயா?"

"நாளைக்கு அந்தாளு ஒங்கள எந்த யார்டுல தூக்கிப் போடப் போறானோ, அதுக்கும் சேத்துத்தான் கோவம். போன நீட்டுனீங்க, சரி. ஊரு முன்னால என்னைய வச்சு சாரி சொன்னீங்கல்லா, அத எங்க கொண்டுபோயி வைக்க?"

தாதர் போகிற ஃபாஸ்ட் ரயில் வந்தது. கூட்டம் இடித்தது. சேசுராஜ் முதலில் ஏறி ஜன்னலோர சீட்டைப் பிடித்துக் கொடுத்தான். அவள் உட்கார்ந்தாள்; முகத்தை மட்டும் வெளியே திருப்பிக்கொண்டாள்.