பாலத்தில் போன பிள்ளை

இன்ஷிராவுக்கு வருத்தம் வந்தால், நோயைத்தான் சொல்கிறேன், விழமாட்டாள், நுரை தள்ளமாட்டாள். அவள் நின்ற இடத்தில் வேறொருத்தி நிற்பாள், அவ்வளவுதான். கண் திறந்திருக்கும். உதட்டில் லேசான சிரிப்பு. போ என்றால் போவாள். இரண்டு நிமிடத்தில் என் தங்கை திரும்பி வந்துவிடுவாள். போய்வந்தது அவளுக்கே தெரியாது. பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். அந்த மற்றவளுக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு இன்னும் பயம்தான்.

வலிப்பில் இது ஒரு வகை என்று கண்டியில் கிளினிக்கில் சொன்னார்கள். மாற்றுத்திறனாளி அட்டை எடுக்க எழுதித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றது நான்தான். அட்டைக்குக் கிராம சேவகரிடம் போகவேண்டும், அவரிடம் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். பிறகு பெண் கேட்டு யார் வருவார்கள்? கிளினிக் புத்தகத்தை ஒரு நகைக்கடைப் பையில் சுற்றிக் கைப்பையின் அடியில் வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கம்பளையிலிருந்து மஸீனா மாமி தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்தார். வீட்டுக்குள் உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் பழைய காலமாம், எங்காவது போய்வரலாம் என்றார். ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலை மலைகளுக்கு நடுவே, ஒரு பள்ளத்தின் மேல் தொங்குபாலம் கட்டி டிக்கெட் போட்டிருந்தார்கள். வழி முழுக்க இன்ஷிராவின் வாய் ஓயவில்லை. வேன் டிரைவரை வம்புக்கு இழுத்தாள். மாமியின் கைப்பை அசலா போலியா என்று கேட்டாள். மாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஒரு தடவைக்கு ஒரு ஆளுதாங்க," என்றார் கேட்டில் நின்ற காவலாளி. ஜெயராஜ் என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது.

"தங்கச்சியோட நானும் போகணும்," என்றேன்.

"ஏலாதவங்கன்னா கூட ஒருத்தர் போகலாம். கார்டு இருக்குங்களா?" இன்ஷிராவை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தானே இருக்காங்க. இவங்களுக்கு என்னா வருத்தம்?"

மாமி எனக்குப் பின்னால், மூச்சுப் படும் தூரத்தில் நின்றார். கைப்பைக்குள் போன என் விரல் புத்தகத்தைத் தொட்டுவிட்டது.

"ஒண்டுமில்ல," என்றேன். "கொஞ்சம் பயந்த பிள்ள."

"எனக்கா பயம்?" என்று இன்ஷிரா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது. முக்காட்டின் ஓரத்தை விரல்கள் மெல்லத் தேய்க்க ஆரம்பித்தன. எனக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப போங்க மிஸ்," என்று ஜெயராஜ் கேட்டைத் திறந்தார். அவள் போனாள்.

பின்னால் பாய்ந்த என்னை அவர் கை குறுக்கே மறித்தது. "பாருங்க, எவ்வளவு நிதானமா போறாங்க. நோயாளி இப்படி நடப்பாங்களா?"

உண்மைதான், என் தங்கை ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. கம்பியைப் பிடிக்கவில்லை, குனிந்து பார்க்கவில்லை. மற்றவர்கள் காலடியில் கிறீச்சிட்ட பலகைகள் அவளுக்குச் சத்தமே போடவில்லை. பள்ளத்திலிருந்து ஏறிய மூடுபனி அவளை இடுப்புவரை மூடியது. நடுப்பாலத்தில் நின்றாள். பக்கவாட்டில் திரும்பி, யாரோ கூப்பிட்டதைப் போல, ஒரு காலைத் தூக்கிக் கீழ்க்கம்பியின் மேல் வைத்தாள்.

ஒரே ஒரு சொல்தான் நான் சொல்லவேண்டியிருந்தது. அதை விழுங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைத்தால் இன்றும் என்னை எனக்கே பிடிப்பதில்லை.

"வலிப்பு. அவளுக்கு வலிப்பு வந்தீக்கி, உடுங்க," என்று கத்தினேன். புத்தகத்தை உருவி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. எனக்கு முன்னால் அவரே ஓடினார்.

இருவரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்தோம். சிரித்த முகத்தோடு வந்தாள். அவள் கை பனியைவிடக் குளிராக இருந்தது. கேட்டுக்கு வந்தபிறகுதான் இன்ஷிரா திரும்பினாள்.

"தாத்தா," என்றாள், அக்காவை எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். "எங்கட முறை எப்ப வரும்?"

ஜெயராஜ் தான் உட்காரும் கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

மஸீனா மாமி, நான் ஓடியபோது கீழே விழுந்த புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சம்பந்தம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ருக்கியா, வேன்ல பாத்து எனக்கு மனசே இல்லாம ஈந்த. ஆனா பாலத்துல போன பிள்ள, என்னா அடக்கம். சென்னத கேட்டு, வாயே தொறக்காம." மருந்துகளின் பெயர் எழுதியிருந்த பக்கத்தில் விரலை வைத்தார். "இத நிப்பாட்டினா, எந்த நேரமும் அப்பிடியே ஈப்பாளா?"

முகத்தைப் பார்த்தேன். எந்நேரமும் அந்த மற்றவளாகவே இருப்பாளா என்று கேட்டதில் கிண்டல் இல்லை. இப்படியொரு வீட்டுக்கு அனுப்பத்தான் இவ்வளவு காலம் ஒளித்தேனா? அவர் விரலை எடுக்காமல் என் பதிலுக்குக் காத்திருந்தார்.