தலைமாட்டில் ஆள் இல்லாமல்

பட்டறையில் எல்லாரும் அவனைப் பயில்வான் என்றுதான் கூப்பிட்டார்கள். வெல்டர். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், அவனே வெட்டி அவனே ஒட்டிய பெஞ்சில் படுத்து எடை தூக்குவான். கல்யாணமான புதிதில் அவன் மனைவி அந்த பெஞ்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஜிம்ல எல்லாம் ரெண்டு பக்கமும் தாங்குகம்பி இருக்குமே, கை நழுவினா பாரைத் தாங்குறதுக்கு. இதுல காணோம்?"

"நீதான் இருக்கியே. அப்புறம் கம்பி எதுக்கு?"

"நல்லாருக்கே கதை. சம்பளம் இல்லாம வேலைக்கு ஆள் எடுத்துட்டீங்க."

அந்த வேலையை அவள் ஆசையாகவே செய்தாள். அவன் தலைமாட்டில் நின்று, இரும்புத் தட்டுகள் மாட்டிய பாருக்கு அடியில் தொடாமல் கைகளை ஏந்தி வைத்திருப்பாள். அவன் "எடு" என்றால் மட்டும் பிடிக்க வேண்டும். தோள்பட்டை இரண்டும் ஒடுங்கி பெஞ்சில் பதிந்திருக்கிறதா, பாதம் தரையில் ஊன்றியிருக்கிறதா, முழங்கை அகல விரியாமல் இருக்கிறதா, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. புருஷன் முகத்தை நேராகப் பார்த்ததைவிடத் தலைகீழாகப் பார்த்ததுதான் அதிகம் என்று தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள். களைத்துப்போனால் அவனுடைய இடது முழங்கை மெல்ல வெளியே விலகும். அவனுக்குத் தெரியும் முன்னே அவளுக்குத் தெரிந்துவிடும்.

இந்த வருஷம் அந்த முழங்கை முதல் தூக்கிலேயே விலக ஆரம்பித்தது. பிசியோதெரபி செய்யும் பெண் அவன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தோள்ல தசைநார் கிழிய ஆரம்பிச்சிருக்கு. ஆறுகிற வரைக்கும் வெறும் பார் மட்டும். மீறினீங்கன்னா வெல்டிங் பண்ணக்கூடக் கையைத் தூக்க முடியாது."

போட்டி அடுத்த மாதம். தன் எடையைப் போல ஒன்றரை மடங்கைத் தூக்கிவிட வேண்டும் என்பது அவனுடைய பல வருஷக் கனவு.

"போட்டி முடியட்டும். ரெஸ்ட் எடுத்துக்கறேன்."

"கை போச்சுன்னா ரெஸ்ட்டு தானா வரும். யாரும் சொல்ல வேண்டியதில்ல."

"நீ என்ன டாக்டரா?"

"அந்தப் பொண்ணு சொன்னப்போ பக்கத்துல இருந்தவ. நீங்கதான் காதுல பஞ்சை வச்சிட்டு உட்கார்ந்திருந்தீங்க."

"இப்ப நிக்க வரியா, மாட்டியா?"

"மாட்டேன். நான் நின்னாதானே தூக்குவீங்க? நிக்கலைன்னா எப்படித் தூக்குறீங்கன்னு பாக்கறேன்."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றது.

மறுநாள் சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கொட்டகையில் தட்டுகள் ஏறும் சத்தம் கேட்டது. கோபம் வந்தால் அவன் வாய் பூட்டிக்கொள்ளும், இரும்புதான் பேசும். வேண்டுமென்றே தட்டுகளை மோதுவான், தரையில் வீசிப் போடுவான். தொம்மென்று ஒரு சத்தம். அப்புறம் தரையில் காலை உதைக்கும் சத்தம், விட்டு விட்டு.

உதைக்கட்டும் என்று நினைத்தாள். கூப்பிட வாய் இல்லையா?

அவன் சட்டைகளைக் கொண்டுபோய் பீரோவில் அடுக்கினாள். திரும்பி வந்து தலையணை உறைகளை எடுத்தாள். உதை மெலிந்து, பிறகு நின்றுபோனது. வீம்பு அடங்கிவிட்டது என்று அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. ஆனால் தூக்கி முடித்தால் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்ப்பானே. அந்தச் சத்தம் வரவில்லை. வரவே இல்லை.

உறையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பார் அவன் கழுத்தின்மேல் கிடந்தது. தனியாகத் தூக்குகிறவர்கள் தட்டு நழுவாமல் பிடிக்கும் கிளிப்பை மாட்ட மாட்டார்கள். பாருக்கு அடியில் சிக்கிக்கொண்டால் அதை ஒரு பக்கம் சாய்த்து, தட்டுகளைச் சரித்துவிட்டுத் தப்பிக்கலாம். அவன் தனியாகத் தூக்கிப் பழக்கமே இல்லாதவன். கைப்பழக்கத்தில் இரண்டு பக்கமும் இறுக்கி மாட்டியிருந்தான். அவள் ஒரு பக்கத்துக் கிளிப்பைப் பிடுங்கி, தட்டுகளை இழுத்துத் தள்ளினாள். மறுபக்கத்து பாரம் பாரை அவன்மேலிருந்து இழுத்துக்கொண்டு போனது.

உயிர் தங்கியது. தோள் தசைநார் அறுந்துபோயிருந்தது. குரல்வளை நசுங்கியிருந்தது. குரல் பழையபடி வருவது சந்தேகம், பளுவெல்லாம் இனி நினைத்தும் பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர்.

அவனுடைய அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். "பக்கத்து ரூம்லதானே இருந்தே? ஒரு சத்தமுமா கேக்கல?"

"மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு அண்ணி."

அவள் நாக்கு அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். காற்று கிழிவதுபோல ஒரு குரல் வந்தது. "ஆமா. மிக்ஸி."

அக்கா டீ வாங்கப் போனாள். மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"கேட்டுச்சு," என்றாள். "கோவத்துல உதைக்கறீங்கன்னு நினைச்சேன்."

அவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். குற்றம் சொல்கிற முகம் இல்லை அது.

"நீ நடக்கறது எனக்குக் கேட்டுச்சு," என்றான். மூச்சு வாங்கிக்கொண்டான். "இதோ நீ வந்துடுவேன்னு நினைச்சேன். திரும்பிப் போயிட்டே."

இன்னும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் பிடித்திருந்த கையை அவன் விலக்கவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

அக்கா டீயோடு வந்தாள். "பேசிட்டிருந்தீங்களா? பேசக்கூடாதுன்னாரே டாக்டர்?"

"இல்ல அண்ணி," என்றாள் அவள். "ஒண்ணும் பேசல."